ஏலக்காய் மறைக்கும் நோய்

ஒட்டுப்பால் நாற்றம் தெரியாத தோட்டத்துப் பிள்ளை பேராக்கில் இருக்க முடியாது. மங்கு என்ற கிண்ணத்தில் தங்கி உறைந்த ரப்பர்ப் பாலை மூட்டை கட்டி ஸ்டோர் ஓரம் போட்டிருப்பார்கள். லோரி வந்து ஏற்றிக்கொண்டு போன பிறகும் அந்த வாடை ரோட்டிலேயே நிற்கும். மரத்திலிருந்து இறங்கும்போது பாலுக்கு அப்படி ஒரு நாற்றம் கிடையாது. மங்கிலேயே கிடந்து, அதிலுள்ள புரதத்தையும் சர்க்கரையையும் கிருமிகள் தின்று சிதைக்கத் தொடங்கிய பிறகுதான் நாறுகிறது. வாய் நாற்றம் உண்டாவதும் இதே வழியில்தான். உணவுத் துகள், வாய்க்குள் உதிரும் தோல், எச்சிலில் உள்ள புரதம் எல்லாம் நாக்கின் பின்பகுதியிலும் ஈறுகளின் இடுக்கிலும் தேங்குகின்றன. காற்றுப் புகாத அந்த இடங்களில் வாழும் பாக்டீரியா அவற்றைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளியேற்றுகிறது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அவற்றில் ஒன்று. அழுகிய முட்டைக்கோஸ் வாடை அடிக்கும் மெத்தில் மெர்காப்டன் இன்னொன்று.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. நம் வீடுகளில் யாருக்காவது வாய் நாறினால், “வயித்துல சூடு” என்று முடித்துவிடுவோம். பிறகு வெந்தயம், இளநீர், பேதிக்குக் கொடுப்பது என்று வைத்தியமெல்லாம் வயிற்றுக்கே நடக்கும். உண்மையில் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு நாற்றம் பிறக்கும் இடம் வாய்தான். விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் தவிர மற்ற நேரங்களில் உணவுக்குழாய் மூடியே கிடக்கும். வயிற்று வாடை மேலே வர வழியில்லை. கடுமையான நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு வரலாம், அவ்வளவுதான். மீதிப் பேருக்கு சைனஸ் சளி தொண்டையில் இறங்குவதும், டான்சில் குழிகளில் வெள்ளையாகக் கட்டி சேர்வதும் காரணமாக இருக்கும்.

குழந்தைகளிடம் மட்டும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புந்தோங் கச்சாங் பூத்தே ஈப்போக்காரர்களின் பெருமை. ஆனால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை ஒரு கடலையை மூக்கில் திணித்துக்கொண்டு, சொல்லத் தெரியாமல் இருந்துவிடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி ஒழுகி, பிள்ளையின் மூச்சு திடீரென்று நாறினால், வீட்டில் நோண்டிப் பார்க்காமல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

நாள் முழுக்க நம் வாயைக் கழுவிக்கொண்டே இருப்பது எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. தூக்கத்தில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் வாய் நாறுவது அதனால்தான்; அது நோயில்லை. பால்மரம் சீவிய காலத்தில் நம்மவர்கள் இருட்டோடு எழுந்து, ஒரு குவளை வரக்காப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறும்வரை காய்ந்த வாயோடு நிரையில் நின்றார்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. காய்ந்த வாய் மட்டும் மாறவில்லை. ராத்திரி முழுக்கக் காவல் வேலை, தாசேக்கிலும் மெங்ளெம்புவிலும் தொழிற்சாலை ஷிஃப்டு, நெடுஞ்சாலையில் லோரி ஓட்டம். தூக்கத்தை விரட்ட சிகரெட்டும் இனிப்புக் காப்பியும். நடுவழியில் டாய்லெட் தேட வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது வேறு. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற பிரிட்டோன் (Piriton) போன்ற மாத்திரைகள், ரத்த அழுத்த மருந்துகளில் சில, மனச்சோர்வுக்கான மருந்துகள் ஆகியவையும் வாயை உலர்த்தும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாய் காய்கிறது என்று டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து தர வழி இருக்கலாம்.

அடுப்புக்கரி, ரோஸ் பொடி, ஈர்க்குச்சி

1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னால் பேராக் முழுக்க ரப்பர் பரவியபோது, அதைச் சீவ வந்த நம் முன்னோர் பல் துலக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் இங்கே கைக்கெட்டவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நட்டு வளர்த்த வேம்பிலிருந்து ஒரு குச்சி ஒடிக்கலாம். அதையும் தினம் ஒடிக்க மனம் வராது. ஆகவே லயத்து வீடுகளில் அடுப்புக்கரியும் உப்பும்தான் பல் பொடி. விறகடுப்பில் அணைத்த கரியை அம்மியில் நுணுக்கி, உப்போடு கலந்து ஒரு டின்னில் போட்டு வைப்பார்கள். கொஞ்சம் காசு புழங்கிய வீட்டில் கோபால் பல்பொடி இருக்கும். இலங்கை வானொலியின் விளம்பரத்தில் மலேசியாவின் பெயரும் வரும் என்பதால், அந்த ரோஸ் நிறப் பொடியைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் மாதிரியே நம் வீடுகள் நடத்தின.

இவற்றைப் பற்றி உணர்ச்சிவசப்படாமல் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. கரி வேண்டாம். அது பல்லை வெளுப்பாகக் காட்டுவதற்குக் காரணம், மேல்கறையைச் சுரண்டி எடுப்பதுதான்; கூடவே மேல்பூச்சான எனாமலும் தேய்கிறது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. இப்போது கடைகளில் விலை கூட்டிக் கறுப்பு டியூபில் விற்கும் கரிப் பற்பசையை வாங்குவோரும் இதை யோசிக்க வேண்டும். உப்பைப் பல்லில் வைத்துத் தேய்ப்பதும் அப்படியே. அதையே வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொப்பளித்தால் வீங்கிய ஈறுக்கு இதம். வேப்பங்குச்சிக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. மெல்லும்போது எச்சிலும் ஊறும். ஆனால் கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தை அது எட்டாது. மலாய் நண்பர்கள் வைத்திருக்கும் காயு சுகி என்ற பல் குச்சிக்கும் இதே பலமும் இதே குறையும்தான். குச்சி பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசையும் பிரஷ்ஷும் காலை, இரவு இரண்டு வேளையும் கூடவே இருக்கட்டும்.

அந்தக் காலத்துப் பழக்கங்களில் மருத்துவ உலகம் முழு மனதாக ஒப்புக்கொள்வது நாக்கு வழிப்பதை. தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஓலையை உருவி, நடு நரம்பை நகத்தால் கிழித்தெடுப்பார்கள். பச்சை ஈர்க்கை நெடுக்காகப் பிளந்து, பிளந்த பக்கம் நாக்கில் படும்படி வில்லாக வளைத்து, இரண்டு முனைகளையும் இரு கையால் பிடித்து, உள்நாக்குப் பக்கமிருந்து நுனிக்கு இழுப்பார்கள். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு மாவு ஈர்க்கில் திரண்டு வரும். அலசிவிட்டு மறுபடியும் ஓர் இழுப்பு. மூன்று நான்கு இழுப்பில் ஈர்க்கு வெறுமனே வரும். குழாயடியில் தாத்தாமார் காலையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டு எழுந்த பிள்ளைகள் அன்று எத்தனையோ பேர். அந்த மாவில்தான் நாற்றம் குடியிருக்கிறது. நாக்கின் பின்பக்க மூன்றில் ஒரு பங்கில் அது கெட்டியாகப் படியும். பலர் இன்று பிரஷ்ஷால் நாக்கு நுனியை இரண்டு தடவை தேய்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். 2006-இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கந்தக வாயுவைக் குறைப்பதில் பிரஷ்ஷைவிட நாக்கு வழிப்பான் சற்றுக் கூடுதலாக உதவுகிறது என்று கண்டது. பலன் கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்றும் அதுவே சொன்னது. அதனால் தினமும் செய்ய வேண்டும். பாகான் டத்தோ பக்கம் தென்னை உள்ளவர்களுக்கு ஈர்க்கு இருக்கிறது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் செம்பிலும் எவர்சில்வரிலும் நாக்கு வழிப்பான் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். ரத்தம் வர இழுக்க வேண்டாம். வாந்தி வருமளவுக்கு உள்ளே விடவும் வேண்டாம்.

சுருக்குப்பை

இனிச் சொல்லப்போவது பலருக்குக் கசக்கும். தோட்டத்துப் பாட்டிமாரின் இடுப்புச் சுருக்குப்பை இல்லாமல் நம் கதை இல்லை. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டு புகையிலை. நிரையில் பசியை மறக்கடித்தது அதுதான். பல்வலியை மரத்துப்போக வைத்ததும் அதுதான். மழைக்காலக் காலைகளில் உடம்புக்குச் சூடு கொடுத்ததும் அது. வாய் மணக்கும் என்ற நம்பிக்கை வேறு. வெற்றிலைக்கு மணம் உண்டு, உண்மைதான். ஆனால் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்து ஈற்றைப் புண்ணாக்கி, பல்லின் மேல் கறையையும் காரையையும் ஏற்றி, சில மணி நேரத்தில் பழைய நாற்றத்தைவிட மோசமான ஒன்றைக் கொண்டுவருகின்றன. அதை மறைக்க அடுத்த வெற்றிலை.

நாற்றத்தோடு நின்றால் பரவாயில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே சொல்லிவிட்டது. 2004-இல் அது இன்னொரு படி போய், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், ஏன், பாக்கு மட்டுமே கூட, புற்றுநோய்க் காரணிதான் என்று உறுதிசெய்தது. “நான் போயிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்” என்று சொல்லித் தப்ப வழியில்லை. மலேசியாவில் 1993-94-இல் நடந்த தேசிய ஆய்வு ஒன்றில் 11,697 பெரியவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய தழும்புகளும் படைகளும் சீனர்களில் அரை விழுக்காட்டினருக்கு இருந்தன. இந்தியர்களில் 4 விழுக்காட்டினருக்கு இருந்தன. இன்றும் வாய்ப் புற்றுநோய் நம்மிடையே, குறிப்பாக நம் பெண்களிடையே, மற்ற இனத்தவரைவிட அதிகம். தோட்டம் போனாலும் சுருக்குப்பை தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் கூடவே வந்துவிட்டது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் வந்த வீடுகள் உண்டு.

நீண்ட நாள் பாக்கு மென்றவர்களுக்கு வாய் முழுசாகத் திறக்காமல் போவதுண்டு. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடிகிறதா என்று பாருங்கள். கன்னத்தின் உட்பக்கம் விறைத்துப்போய், காரம் பட்டால் தீயாய் எரிகிறதென்றால் அது பாக்கு உண்டாக்கும் நோய். பல் துலக்கித் தீராது. வாய்க்குள் வெள்ளைப் படை, சிவப்புப் படை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், புதிதாக ஒரு தடிப்பு, இவற்றில் எது இருந்தாலும், நாற்றம் இல்லாவிட்டாலும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பத்தில் இவை வலிக்காது. வலி இல்லை என்பதாலேயே நம்மவர்கள் வருவதற்குத் தாமதமாகிறது. பாட்டியை அதட்டிச் சுருக்குப்பையைப் பிடுங்கச் சொல்லவில்லை. எண்பது வயதில் அது அவருக்கு இருக்கும் ஒரே துணையாகக்கூட இருக்கலாம். முதலில் புகையிலை, பிறகு பாக்கு என்று ஒவ்வொன்றாகக் குறைக்க வைக்கலாம். இரவில் வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்த வைக்கலாம். மாதம் ஒரு முறை டார்ச் லைட் அடித்து வாயைப் பார்க்கலாம். அதைச் செய்ய வேண்டியது பேரப்பிள்ளைகள்.

பல்செட் வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு ஒரு வார்த்தை. பல்செட்டோடு தூங்க வேண்டாம். கழற்றி, சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிறைந்த குவளையில் போட்டு வையுங்கள். கழற்றாத பல்செட்டின் அடியில் பூஞ்சை வளர்ந்து அண்ணம் சிவந்து கிடக்கும். அந்த வாடையை எந்த ஏலக்காயும் மறைக்காது.

இனிப்பும் ஈறும்

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர். வாய் நாற்றத்தைப் பற்றி எழுதும்போது இந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வாய் காயும், ஈறு சீக்கிரம் புண்ணாகும், புண் ஆறாது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே பை போல ஓர் இடைவெளி விழும். பாக்டீரியாவுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. நம் பெரியவர்கள் பயோரியா என்று சொல்லிவந்தது இந்த ஈறு நோயைத்தான். இது எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்கிறது: ஈறு புண்ணாக இருக்கும்வரை சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 புள்ளி இறங்கியதாகக் கோக்ரேன் தொகுப்பு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. கேட்கச் சின்ன எண்தான்; ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைப்பதற்குப் பக்கத்தில் வருவது.

பல் துலக்கும்போது ரத்தம் வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். “பிரஷ்ஷு முரடு” என்று பழியைப் பிரஷ்ஷின் மேல் போடுகிறோம். நல்ல ஈறு ரத்தம் கசியாது. ரத்தம், நாற்றம், ஆடும் பல் மூன்றும் சேர்ந்து வந்தால், பல்லைப் பார்த்துக்கொள்வதோடு சர்க்கரையையும் சோதித்துப் பாருங்கள். 2019-இல் தொடங்கிய அரசாங்கத்தின் பெக்கா பி40 மருத்துவப் பரிசோதனைத் திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன, தகுதியுள்ள குடும்பத்தினருக்கு இந்தச் சோதனை இலவசம்.

மூச்சில் வேறு சில வாடைகளும் வரும். அவை வாயைச் சேர்ந்தவை அல்ல. நீரிழிவுக்காரரின் மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி, அல்லது அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை வந்து, வாந்தியும் வேகமான மூச்சும் சோர்வும் கூட இருந்தால் நேரே அவசரப் பிரிவு. சிறுநீரகம் பழுதானால் அம்மோனியா வாடை வரும். மதுவும் சம்சுவும் கெடுத்த ஈரல் கடைசிக் கட்டத்தில் ஒருவிதப் பூஞ்சை கலந்த இனிப்பு வாடையைத் தரும்.

எது வேலை செய்கிறது

இயற்கை வைத்தியம் என்று வீட்டுக்கு வீடு நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நாற்றத்தின் மூலத்தை எடுப்பது, இன்னொன்று நாற்றத்தை மூடுவது. ஏலக்காய், கிராம்பு, சோம்பு, புதினா எல்லாம் பெரும்பாலும் மூடுகிற வகை. மென்றால் எச்சில் ஊறும் என்பது கூடுதல் லாபம். கிராம்பு எண்ணெய்க்குக் கிருமியை அடக்கும் தன்மையும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போகும் முன் ஒரு சோம்பு மெல்லுங்கள், தவறே இல்லை. ஆறு மாதமாக பாக்கெட்டில் ஏலக்காய் இல்லாமல் வெளியே போக முடியவில்லை என்றால்தான் அது மறைக்கிற நோயைத் தேட வேண்டும். இனிப்பு மிட்டாய் போட்டுச் சமாளிப்பது அதைவிடக் கெடுதல். அந்தச் சர்க்கரை போய்ச் சேருவது கிருமிகளுக்கு.

மூலத்தை எடுப்பவற்றில் நாக்கு வழிப்பது முதலாவது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது அதற்குச் சமம். ஊக்கும் தீக்குச்சியும் வேண்டாம், ஈற்றைக் கிழித்துவிடும். பல் நூலோ இடுக்குப் பிரஷ்ஷோ ஃபார்மசியில் கிடைக்கும். மூன்றாவது தண்ணீர். காப்பிக்கு மேல் காப்பி குடிப்பவர்கள் ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்து விழுங்கினாலே வித்தியாசம் தெரியும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சென்னையில் பல் மருத்துவர்கள் 20 வளரிளம் பிள்ளைகளிடம் செய்து 2011-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், அது குளோர்ஹெக்சிடின் வாய் கழுவும் திரவத்துக்கு இணையாக நாற்றத்தைக் குறைத்தது. 20 பேரை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாது. எனினும் கெடுதல் இல்லாத பழக்கம்; பல் துலக்குவதோடு சேர்த்துச் செய்யலாம். எண்ணெயை விழுங்காதீர்கள், சிங்க்கில் துப்பி அடைத்துக்கொள்ளவும் வேண்டாம். சர்க்கரை சேர்க்காத தயிர் வாயின் கந்தக வாயுவைக் குறைப்பதாக ஜப்பானிய ஆய்வு ஒன்று 2005-இல் சொன்னது. பால் இல்லாத பச்சைத் தேயிலைக்கும் ஓரளவு அந்தக் குணம் உண்டு. பீடோர் கொய்யாவை மென்று தின்றால் பல் தேயும் என்று பயப்பட வேண்டாம். அந்த நறுக்கென்ற பழம் பல்லைத் துடைத்து எச்சிலை ஊறவைக்கும். கொய்யா இலையை மெல்வதும் துவர்ப்பால் ஈற்றை இறுக்கும் என்று நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம், மென்றுவிட்டுத் துப்பிவிடுங்கள். எலுமிச்சம் பழத்தைப் பல்லில் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அந்தப் புளிப்பு எனாமலைக் கரைக்கும்.

நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பேராக் கட்டுரையாக இராது. பூண்டு தின்றால் அதன் கந்தகச் சேர்மம் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியே வருகிறது. எத்தனை தடவை பல் துலக்கினாலும் மணிக்கணக்காக வாடை நிற்பது அதனால்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், பூண்டோடு சேர்த்து அல்லது உடனேயே பால், தயிர், சமைக்காத ஆப்பிள், புதினா சாப்பிட்டால் வாடை நன்றாகக் குறைகிறது என்று கண்டார்கள். சாப்பாட்டை மோர்ச்சோற்றோடு முடிக்கும் நம் வழக்கத்துக்கு இது நல்ல சான்று. பெத்தாய் சம்பலும் டுரியானும் இதே கந்தகக் குடும்பம். பெத்தாய் மறுநாளும் மணக்கும். அதற்கு நோய் என்று பெயர் வைக்கத் தேவையில்லை. தைப்பூச விரதத்தில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்குக் காவடியோடு நடக்கிறவர்களின் மூச்சிலும் ஒரு வாடை இருக்கும். பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிப்பதாலும் வாய் காய்வதாலும் வருவது அது. நாக்கை வழித்து, இடையிடையே தண்ணீர் குடித்தால் போதும்.

சொல்வது எப்படி

வாய் நாற்றம் பிறருக்குத்தான் தெரியும், உடையவருக்குத் தெரியாது. மணிக்கட்டை நக்கிப் பத்து விநாடி கழித்து முகர்ந்து பார்க்கலாம். ஒரு கரண்டியால் நாக்கின் பின்பக்கத்தைச் சுரண்டி முகர்ந்தால் இன்னும் சரியாகத் தெரியும். எல்லாவற்றையும்விட நம்பகமானது வீட்டில் ஒருவரைக் கேட்பது. இல்லாத நாற்றத்தை இருப்பதாக நினைத்து வேதனைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 1920-களில் அமெரிக்காவில் லிஸ்டரின் விளம்பரங்கள், வாய் நாற்றத்தால் கல்யாணம் தட்டிப்போகும் என்று பயமுறுத்தியே அந்தத் திரவத்தை விற்றன. அந்தப் பயத்தின் நிழல் இன்றும் நம்மேல் விழுகிறது. ஆல்கஹால் கலந்த வாய் கழுவும் திரவங்கள் வாயை மேலும் உலர்த்தலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவனுக்கு நாறுகிறது என்று மனைவி சொல்லத் தயங்குகிறாள். மாமியாரிடம் மருமகள் சொல்லவே மாட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மட்டும் ஒருவரையொருவர் கேலி செய்து முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளை வாய் திறந்து பேசுவதே நின்றுபோகிறது. தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு ஈறு புண்ணா இருக்கும்போல, ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமா?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாற்றத்தைக் குற்றமாகச் சொல்லாமல் நோயாகச் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

நமக்கு இங்கே இருக்கும் வசதியைத் தமிழ்நாட்டு உறவினர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். 1949-இல் பினாங்கில் நியூசிலாந்து முறையைப் பின்பற்றிப் பல் நர்ஸ்களுக்குப் பயிற்சி தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பள்ளிக்கே வந்து பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் ஏற்பாடு. தமிழ்ப்பள்ளி முடித்தவர்களில் பல் நர்ஸ் வரும் நாளன்று கழிவறையில் ஒளிந்துகொண்ட கதை இல்லாதவர் குறைவு. பள்ளிக்கூடம் முடிந்ததும் அந்தப் பயத்தோடு பல் கிளினிக்கையும் மறந்துவிடுகிறோம். அடுத்து நாற்பது வயதில் வலி தாங்காமல்தான் போகிறோம், பல்லைப் பிடுங்க. இடையில் இருபது வருடம் ஈறு கெட்டுப்போகும்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். கர்ப்பிணிகளுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் சிகிச்சை இலவசம். காரை எடுத்துச் சுத்தம் செய்வதும், வாயைப் பரிசோதித்துப் புற்றுநோய் அறிகுறி பார்ப்பதும் அங்கேயே நடக்கும். வாய்ப் புற்றுநோய் அபாயம் அதிகமுள்ளவர்கள் என்று தோட்டத்து மக்களைச் சுகாதார அமைச்சே தனியாகக் குறித்து, 1990-களின் பிற்பகுதியிலிருந்து பரிசோதனை நடத்திவருகிறது. தோட்டத்தை விட்டு வந்துவிட்டதால் அந்தப் பட்டியலிலிருந்து நாம் வெளியே வந்துவிட்டதாக அர்த்தமில்லை. வீட்டில் வெற்றிலை போடும் பெரியவரோ, சர்க்கரை நோயாளியோ, ஈற்றில் ரத்தம் வடியும் யாரோ ஒருவர் இருந்தால், அடுத்த வேலை நாளில் ஒரு மணி நேரம் லீவு கேட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூடப் போனவர் சும்மா உட்கார்ந்திருக்காமல் தன் பெயரையும் பதிந்துகொள்ளட்டும்.